செடிச்சாற்றில் செய்யும் உலோக ஆக்சைடு நானோத்துகள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலைச்சாற்றை வைத்துத் துத்தநாக ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு போன்ற நானோத்துகள்களைத் தயாரித்து, அவை கிருமியைக் கொல்கின்றனவா, புற்றுநோய் செல்லைக் கொல்கின்றனவா என்று பார்ப்பது இன்று கல்லூரிகளில் சர்வசாதாரணமான ப்ராஜெக்ட். அதைத் தொடங்கப் போகிற மாணவர்களும், ‘மூலிகை நானோ’ விளம்பரத்தைப் பார்த்துவிட்டு விவரம் தேடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள். உதாரணத்துக்குப் பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடையே எடுத்துக்கொள்கிறேன். அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்பட்டிருக்கிறது, தப்பாகவும் அதிகம் எழுதப்பட்டிருக்கிறது.

நானோத்துகள் என்றால் எவ்வளவு சிறியது? சிறியதாக இருப்பதில் என்ன லாபம்?

1 முதல் 100 நானோமீட்டர் வரை. ஒரு தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர் இருக்கும். பொடி சிறிதாகச் சிறிதாக, அதே எடைக்கு மேற்பரப்பு கூடுகிறது. 2 மைக்ரான் உருண்டைகளை 20 நானோமீட்டர் உருண்டைகளாக மாற்றினால் மேற்பரப்பு 100 மடங்காகிவிடும். பாக்டீரியாவோ செல்லோ தொடுவது மேற்பரப்பைத்தான், பொடி கரைவதும் அங்கிருந்துதான்.

இரும்பு ஆக்சைடுக்குக் கூடுதலாக ஒரு குணம் உண்டு. சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே போனால், வெளியே காந்தப்புலம் இருக்கும்வரைதான் அது காந்தமாக நடந்துகொள்ளும். புலத்தை எடுத்துவிட்டால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்வதில்லை. ரத்தத்துக்குள் அனுப்பப்போகிற பொருளுக்கு இது ரொம்ப முக்கியம்.

செடியை வைத்துச் செய்யலாம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது?

2002-ல் எல் பாசோவிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஹோர்ஹே கார்டியா-டோரெஸ்டே குழுவினர், தங்க அயனி கலந்த ஊடகத்தில் குதிரைமசால் செடியை வளர்த்து, செடிக்குள்ளேயே தங்க நானோத்துகள்கள் உருவாவதைக் காட்டினார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு, செடியை வளர்க்கவே வேண்டாம், இலையைக் கொதிக்க வைத்த நீரே போதும் என்று காட்டியது. அவர்களுடைய வேப்பிலைக் கட்டுரை 2004-ல் வந்தது. வெள்ளியும் தங்கமும் செய்திருந்தார்கள். 1998-ல் பால் அனஸ்தாஸும் ஜான் வார்னரும் பசுமை வேதியியலின் 12 கொள்கைகளை எழுதியிருந்தார்கள். எனவே ‘பசுமைத் தயாரிப்பு’ என்ற பெயரும் தயாராக இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கம் வெள்ளியும் தங்கமும், அதாவது உலோகங்கள். ஆக்சைடுகள் பின்னால் வந்து சேர்ந்தவை. இந்த வித்தியாசத்தில்தான் பாதிக் குழப்பம் இருக்கிறது.

வழக்கமான செய்முறை என்ன?

கழுவி நிழலில் உலர்த்திய இலை 10 கிராம், 100 மில்லி காய்ச்சி வடித்த நீர். 60 முதல் 80 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு வாட்மேன் 1-ஆம் எண் தாளில் வடிகட்டுவார்கள். இந்தச் சாற்றைத் துத்தநாக அசிடேட் அல்லது நைட்ரேட் கரைசலில் ஊற்றிக் கலக்குவார்கள். பலர் இந்தக் கட்டத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு பிஎச்சை 10, 12 என்று ஏற்றுவார்கள். வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ ஒரு வீழ்படிவு இறங்கும். அதை சென்ட்ரிஃபியூஜில் பிரித்து, நீராலும் எத்தனாலாலும் கழுவி, உலர்த்தி, மஃபிள் உலையில் 400 அல்லது 500 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சுடுவார்கள். கிடைப்பதுதான் ‘பச்சை’ நானோப் பொடி.

எவ்வளவு கிடைக்கும் என்றும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். 0.1 மோலார் அசிடேட் கரைசல் 100 மில்லிக்கு 2.2 கிராம் உப்பு போகும். அதிலுள்ள துத்தநாகம் முழுவதும் ஆக்சைடானாலும் 0.81 கிராம்தான் வரும். சுட்ட பிறகும் 1.2 கிராம் வந்தது என்றால் சந்தோஷப்பட வேண்டாம். உப்பைச் சரியாகக் கழுவவில்லை, இல்லையென்றால் செடியின் சாம்பலும் சேர்ந்திருக்கிறது.

இலையிலுள்ள பாலிஃபீனால்கள் துத்தநாக அயனியை ஒடுக்கி நானோத்துகளாக்குகின்றன என்கிறார்களே?

இல்லை. நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் இந்த வரி இருக்கிறது, இருந்தும் தப்புதான்.

வெள்ளி நைட்ரேட்டில் இருப்பது நேர்மின்சுமை கொண்ட வெள்ளி அயனி. அது வெள்ளி உலோகமாக வேண்டுமென்றால் ஓர் எலெக்ட்ரானை வாங்க வேண்டும். இலையிலுள்ள ஃபீனால்கள் அதைக் கொடுக்கும். வெள்ளியின் ஒடுக்க மின்னழுத்தம் +0.80 வோல்ட் என்பதால் இது சுலபமாக நடக்கிறது. இதுவரை சரி.

துத்தநாகத்தின் கதை வேறு. உப்பில் இருக்கும்போது துத்தநாகத்துக்கு +2. ஆக்சைடில் இருக்கும்போதும் +2. எலெக்ட்ரான் வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஒடுக்கம் என்று எதுவுமே நடக்காத இடத்தில் ஒடுக்கி எதற்கு? அப்படியே ஒடுக்க நினைத்தாலும் துத்தநாகத்தின் மின்னழுத்தம் −0.76 வோல்ட். வேப்பிலைக் கஷாயம் அந்த வேலையைச் செய்யாது. ‘முதலில் உலோகத் துத்தநாகமாகி, பிறகு காற்றுப்பட்டு ஆக்சைடாகிறது’ என்று படம் வரைந்து காட்டுகிறவர்களும் உண்டு. வெள்ளிக் கட்டுரையின் படத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

அப்படியென்றால் சாற்றுக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. ஆனால் செய்முறையைப் பொறுத்து அது வேறு வேறு வேலை.

சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றினீர்கள் என்றால் முக்கிய வேலையைச் செய்வது அதுதான். ஹைட்ராக்சைடு வீழ்படிவாகிறது, சூடான காரக் கரைசலில் அதிலிருந்து நேரடியாகவே ஆக்சைடு படிகமாகிவிடும். இலைச்சாறு அங்கே பக்கத் துணை. சிட்ரிக், மாலிக் போன்ற அமிலங்களும் ஃபீனால்களும் அயனியைப் பிடித்து வைத்து, வளரும் படிகத்தின் முகங்களில் ஒட்டி, அதன் அளவையும் வடிவத்தையும் மாற்றக்கூடும். இது மதிப்புள்ள வேலைதான்.

காரமே சேர்க்காமல், சாற்றையும் உப்பையும் பசைபோலக் காய்ச்சி அப்படியே உலையில் வைத்தால், சாற்றிலுள்ள சர்க்கரையும் அமிலங்களும் எரிபொருள். நைட்ரேட் ஆக்சிஜன் கொடுக்கும். இதற்குக் கரைசல் எரிப்புமுறை என்று பெயர். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கே. சி. பாட்டீல் குழு யூரியா போன்ற எரிபொருளை வைத்து 1988-லேயே செய்த வழி. யூரியாவின் இடத்தில் இலைச்சாறு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று: துத்தநாக நைட்ரேட்டையோ அசிடேட்டையோ எதுவும் சேர்க்காமல் 500 டிகிரியில் சுட்டாலும் துத்தநாக ஆக்சைடுதான் மிஞ்சும். செடியே தேவையில்லை.

500 டிகிரியில் சுட்ட பிறகும் மூலிகைச் சத்து துகளைச் சுற்றி இருக்குமா?

குவெர்செட்டின், நிம்பின் போன்ற இலைச்சத்து எதுவும் 500 டிகிரிக் காற்றில் மூன்று மணி நேரம் தாங்காது. எரிந்து போய்விடும். மிஞ்சுவது பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், பாஸ்பேட், அதாவது இலைச்சாம்பல். ‘துளசியின் மருத்துவக் குணமும் துத்தநாகத்தின் குணமும் ஒன்றுசேர்ந்த துகள்’ என்று எழுதும் முன், எடையிழப்புச் சோதனையில் கரிமப்பொருள் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். சுடாமல் 60, 80 டிகிரியில் உலர்த்தி எடுத்த பொடியில்தான் மேலுறை பற்றிப் பேச இடமுண்டு.

இரும்பு, செம்பு, டைட்டானியத்துக்கும் இதே கதையா?

செம்பும் இரும்பும் வேறு. +2 செம்பைச் சாற்றால் +1-க்கு இறக்க முடியும். அதனால் செம்பில் இரண்டு ஆக்சைடுகளும் கலந்து வருவது சகஜம், சில சமயம் உலோகச் செம்பும் வரும். +3 இரும்பை ஃபீனால்கள் +2 ஆக்கும். மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடில் இரண்டு வகை இரும்பும் இருப்பதால், அங்கே ‘ஒடுக்கம்’ என்ற சொல்லுக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் தேயிலைச்சாற்றையும் இரும்பு உப்பையும் கலந்தவுடன் கறுத்துப்போவதைக் காட்டி ‘நானோ இரும்பு வந்துவிட்டது’ என்றால் நம்பாதீர்கள். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே கறுப்புதான் இது: இரும்பும் டானினும் சேர்ந்த கூட்டுப்பொருள். எக்ஸ்ஆர்டியில் (படிகத்தை அடையாளம் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) கூர்மையான உச்சிகள் எதுவும் வராது.

டைட்டானியத்தில் பலர் எடுப்பது டைட்டானியம் ஐசோப்ரொப்பாக்சைடு. அதன்மேல் வெறும் தண்ணீர் பட்டாலே வெள்ளையாகத் திரிந்துவிடும். சாறு என்ன செய்தது என்பதை அங்கே நிரூபிப்பது இன்னும் கஷ்டம்.

அப்படியானால் என் ப்ராஜெக்ட்டில் என்ன செய்தால் உருப்படியாக இருக்கும்?

இலை இல்லாத கண்ட்ரோல் ஒன்றை ஓட்டுங்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் ஒரு மாணவர் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுதான். அதே உப்பு, அதே பிஎச், அதே சூடு, அதே நேரம், அதே உலை. சாற்றுக்குப் பதில் தண்ணீர். இரண்டு பொடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாச் சோதனைகளையும் செய்யுங்கள். சாறு போட்டது சிறியதாக, ஒரே சீராக, அதிகமாகக் கிருமியைக் கொல்வதாக வந்தால் உங்கள் கையில் உண்மையான கண்டுபிடிப்பு இருக்கிறது. இரண்டும் ஒன்றாகவே வந்தால் அதுவும் ரிசல்ட்தான். கைடு முகத்தைச் சுளிக்கலாம், ஆனால் அதுதான் உண்மை.

உயிரியல் சோதனைக்கு இன்னும் இரண்டு கண்ட்ரோல்கள் வேண்டும். ஒன்று, சாறு மட்டும். இன்னொன்று, கரையும் துத்தநாக உப்பு, துத்தநாகத்தின் அளவு சமமாக இருக்கும்படி. கொல்வது துகளா, துகளிலிருந்து கரைந்து வந்த அயனியா என்பதை இது இல்லாமல் சொல்லவே முடியாது.

கரைசல் நிறம் மாறிவிட்டது. நானோத்துகள் உருவாகிவிட்டது என்று எழுதலாமா?

வெள்ளிக்கு எழுதலாம். அதன் மேற்பரப்பு எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஆடுவதால் 420 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சி, கரைசல் மஞ்சளும் பழுப்புமாகும். துத்தநாக ஆக்சைடு குறைகடத்தி. அதற்கு அந்த ஆட்டம் இல்லை. பொடி வெள்ளை. கரைசல் பழுப்பானால் அது பெரும்பாலும் காரத்தில் ஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்த நிறம்.

துத்தநாக ஆக்சைடுக்குப் பார்க்க வேண்டியவை: புற ஊதாவில் 360–380 நானோமீட்டர் அருகே உறிஞ்சல், அதாவது 3.37 எலெக்ட்ரான்வோல்ட் பட்டை இடைவெளிக்குரிய இடம், எக்ஸ்ஆர்டியில் 31.8, 34.4, 36.3 டிகிரி உச்சிகள்.

எக்ஸ்ஆர்டி 22 நானோமீட்டர் என்கிறது, டிஎல்எஸ் 340 என்கிறது. எதை எழுதுவது?

இரண்டையும். எக்ஸ்ஆர்டி உச்சியின் அகலத்தை வைத்துக் கணக்கிடும் ஷெரர் சூத்திரம் தருவது படிகத்தின் அளவு; பல படிகங்கள் ஒட்டி ஒரு துகளாக இருக்கலாம். ஒளிச்சிதறலை வைத்து அளக்கும் டிஎல்எஸ் தருவது நீரில் மிதக்கும்போது, ஒட்டிக்கொண்ட கூட்டத்தோடு சேர்த்து வரும் அளவு. ஊடுருவு மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் துகள்களை எண்ணி அளந்தால் இடையில் ஒன்று கிடைக்கும். செல்லும் பாக்டீரியாவும் சந்திக்கப்போவது 340 நானோமீட்டர்க் கூட்டத்தைத்தான். சின்ன எண்ணை மட்டும் தலைப்பில் போட்டு, பெரிய எண்ணை உள்ளே ஒளித்து வைப்பது இத்துறையின் பழைய பழக்கம்.

பாக்டீரியாவை எப்படிக் கொல்கிறது?

மூன்று வழிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. துத்தநாக அயனி கரைந்து வந்து நொதிகளைக் கெடுக்கிறது. மேற்பரப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைமிகு ஆக்சிஜன் வகைகள் உருவாகின்றன, வெளிச்சம் பட்டால் அதிகமாக. துகள் நேரடியாக ஒட்டிச் செல்சவ்வைச் சேதப்படுத்துகிறது. எதற்கு எவ்வளவு பங்கு என்பது ஊடகத்தைப் பொறுத்து மாறும். ஆகவே சோதனை வெளிச்சத்தில் நடந்ததா இருட்டில் நடந்ததா என்று குறித்து வையுங்கள்.

சோதிக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகார் தட்டில் குழி வெட்டி, பொடியை ஊற்றி, சுற்றி எத்தனை மில்லிமீட்டர் தெளிவாக இருக்கிறது என்று அளப்பதுதான் எல்லோரும் செய்வது. கரையும் ஆன்டிபயாட்டிக்குக்கு அது சரி. கரையாத துகள் அகாருக்குள் நகராது. நீங்கள் அளப்பது பெரும்பாலும் கசிந்த அயனியையும் மிச்சமுள்ள சாற்றையும்தான். திரவ ஊடகத்தில் எம்ஐசி, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு என்ன என்று பாருங்கள். பொடியே கலங்கலாக இருப்பதால் கலங்கல் அளவையும் நம்ப முடியாது. கடைசியில் தட்டில் பரப்பி, வளரும் காலனிகளை எண்ணிவிடுவதுதான் நல்லது.

புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்ற செய்திகள் உண்மையா?

தட்டில் வளர்த்த எம்சிஎஃப்-7, ஹீலா, ஏ549 போன்ற புற்றுநோய் செல்களைக் கொல்வது உண்மை. தட்டில் வைத்த செல்லைக் கொல்வது பெரிய வித்தையல்ல, பினாயிலும் கொல்லும். அதே அளவில் சாதாரண செல்கள் பிழைக்கின்றனவா என்பதுதான் கேள்வி. துத்தநாக ஆக்சைடு அமிலத்தில் கரையும். செல் அதை விழுங்கினால், பிஎச் 5-க்குக் கீழே உள்ள லைசோசோமில் (செல்லின் செரிமானப் பை) கரைந்து அயனி வெள்ளமாகும். நல்ல செல்லுக்கும் அந்த லைசோசோம் உண்டு.

செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்டிடி சோதனையில் ஒரு பொறியும் இருக்கிறது. உயிருள்ள செல் அந்த மஞ்சள் சாயத்தை ஊதாவாக்க வேண்டும். ஆனால் ஃபீனால் நிறைந்த சாறு, செல்லே இல்லாமல் அதை ஊதாவாக்கிவிடும். செல் இல்லாத குழியில் உங்கள் சாம்பிளைப் போட்டுப் பார்த்தீர்களா? டிபிபிஎச் ஆன்டிஆக்சிடன்ட் சோதனைக்கும் இதே கேள்வி. வெறும் இலைச்சாறே அதில் பாஸாகும்.

இப்படிச் செய்த துகள் ஏதாவது மருந்தாக வந்திருக்கிறதா?

செடிச்சாற்று வழியில் செய்த உலோக ஆக்சைடு நானோத்துகள் எதுவும் ஒப்புதல் பெற்ற மருந்தாக இல்லை.

உலோக ஆக்சைடு நானோ மருந்துகளே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. சர்க்கரை வகை உறையிட்ட இரும்பு ஆக்சைடான ஃபெருமாக்சிட்டால், சிறுநீரக நோயாளிகளின் இரும்புச்சத்துக் குறைபாட்டுக்காக 2009-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2015-ல் அதற்குக் கடுமையான ஒவ்வாமை பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. மூளைக்கட்டிக்குள் இரும்பு ஆக்சைடை ஊசியால் செலுத்தி, மாறும் காந்தப்புலத்தால் சூடாக்கும் நானோதெர்ம் சிகிச்சைக்கு 2010-ல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. துத்தநாக ஆக்சைடு காலமைன் லோஷனில், சன்ஸ்கிரீனில், பல் டாக்டர் வைக்கும் தற்காலிக சிமெண்டில் இருக்கிறது. அந்தச் சிமெண்டில் கூட வருவது கிராம்பு எண்ணெயின் யூஜினால். ஒரு செடியும் ஒரு உலோக ஆக்சைடும் சேர்ந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உண்மையிலேயே பயன்படுகிற இடம் இது.

இந்தியாவில் வழி என்ன என்று கேட்டால், உயிர்த்தொழில்நுட்பத் துறை 2019-ல் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிமுறையை வெளியிட்டது. அதைப் படித்தால், ஒவ்வொரு தொகுப்பும் ஒன்றுபோல வர வேண்டும் என்ற இடத்திலேயே இலைச்சாறு தடுக்கி விழும். ஆடியில் பறித்த முருங்கையிலையும் தை மாத முருங்கையிலையும் ஒரே சரக்கல்ல. அப்புறம் எண்டோடாக்சின்: இலையிலும் தண்ணீரிலும் இருந்த பாக்டீரியாவின் சுவர்ச்சிதறல் பொடியில் ஒட்டியிருந்தால், ஊசியில் போட்டவுடன் காய்ச்சல்தான்.

சித்த மருத்துவத்தின் பற்பமும் செந்தூரமும் இதே நானோதானே?

ஒற்றுமை இருப்பது உண்மை. நாகபற்பத்தில் துத்தநாகத்தையும் அயச்செந்தூரத்தில் இரும்பையும் செடிச்சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி, அகலில் மூடிச் சீலைமண் செய்து, வறட்டி அடுக்கிப் புடம் போடுவார்கள். உலோகம், செடிச்சாறு, சூடு என்ற மூன்றும் இரண்டிலும் இருக்கின்றன. பற்பங்களை நுண்ணோக்கியில் பார்த்தால் நானோ அளவுத் துகள்களும் தென்படுகின்றன.

அதற்காக ‘நம் சித்தர்கள் அன்றே நானோ மருந்து செய்தார்கள்’ என்று ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையில் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. விரல் ரேகையில் படிகிறதா, நீரில் மிதக்கிறதா என்று பார்த்துப் பக்குவம் கண்டது அவர்களுடைய முறை. அதற்கென்று அளவும் அனுபானமும் பத்தியமும் உண்டு. அதில் பாதியை எடுத்து நம் பொடிக்குச் சான்றிதழாக ஒட்டுவது இரண்டு பக்கத்துக்கும் நியாயமில்லை. சரியாக முடியாத பற்பம் ஆபத்து என்று அந்த மரபே எச்சரிக்கிறது.

செடியிலிருந்து வந்தது என்றால் பக்கவிளைவு இருக்காதுதானே?

துத்தநாகம் செடியிலிருந்து வரவில்லை, உப்புப் புட்டியிலிருந்து வந்தது. துத்தநாக ஆக்சைடுப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஆரோக்கியமான தோலின் வழியே நானோ துத்தநாக ஆக்சைடு பெரும்பாலும் உள்ளே போவதில்லை. நுரையீரல்தான் பயம், அதனால்தான் ஐரோப்பாவில் மூச்சில் போகக்கூடிய ஸ்பிரேக்களில் அதை அனுமதிப்பதில்லை. டைட்டானியம் டை ஆக்சைடை உணவில் நிறத்துக்குச் சேர்ப்பதை 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. ஆகவே ஆய்வகத்தில் உலர்ந்த பொடியைக் கையாளும்போது முகக்கவசம் போடுங்கள். யாராவது ‘மூலிகை நானோ துத்தநாகம்’ என்று கேப்ஸ்யூல் விற்றால் வாங்காதீர்கள்.

முறையாவது பசுமையானதா?

பாதி. ஹைட்ரசின் மாதிரியான நச்சு இல்லை, கரிமக் கரைப்பான் குறைவு. ஆனால் நைட்ரேட்டைச் சுடும்போது வருகிற பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடைக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. அரைக் கிராம் பொடிக்கு 500 டிகிரி உலை மூன்று மணி நேரம் ஓடுகிறது, எத்தனால் லிட்டர் கணக்கில் கழுவிப் போகிறது. காரத்தை மட்டும் வைத்து 70 டிகிரி நீரில் செய்யும் சாதாரண வீழ்படிவு முறை சில சமயம் இதைவிடப் பசுமையாக இருக்கும்.

எந்தச் செடியை எடுக்கலாம்? வேம்பு, துளசி, கற்றாழை எல்லாம் முடிந்துவிட்டதே.

புதுச் செடி தேடி அலைய வேண்டாம். ‘இன்ன இலையில் முதல்முறையாக’ என்ற ஒரே காரணத்துக்காக எழுதப்படும் கட்டுரையால் யாருக்கும் பயனில்லை. வேம்பையே எடுத்துக்கொண்டு, மாதாமாதம் பறித்த இலையில் மொத்த ஃபீனால் எவ்வளவு, அதற்கேற்பத் துகளின் அளவு மாறுகிறதா என்று பாருங்கள். அல்லது சாற்றுக்குப் பதில் சுத்தமான காலிக் அமிலத்தையோ சிட்ரிக் அமிலத்தையோ தனித்தனியே போட்டு, எது வேலை செய்கிறது என்று பிரித்தெடுங்கள்.

சோதனை முடிந்து மீந்த கரைசலைச் சிங்க்கில் ஊற்றலாமா?

கூடாது. துத்தநாகமும் செம்பும் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்கு மருந்தாகக் கொடுத்துவந்த துத்தநாக ஆக்சைடையே, மண்ணில் சேர்கிறது, கிருமிகளின் மருந்து எதிர்ப்பை வளர்க்கிறது என்ற காரணங்களால் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனோடு நிறுத்தியது. கழுவிய நீரையும் சேர்த்து ஒரு கேனில் பிடித்து, பிஎச்சை 9-க்கு ஏற்றி, வீழ்படிவைப் படியவிட்டு வடிகட்டுங்கள். வண்டலை உலர்த்தி, பெயர் எழுதி, கல்லூரியின் வேதிக்கழிவுப் பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.